டேபிள் சாவில் 45 டிகிரி: நாலாவது மூலை மட்டும் சேர மாட்டேங்குது

அஸ்தம்பட்டி:
வணக்கம். ஏற்காட்டு எஸ்டேட் சில்வர் ஓக் மரத்தில் போட்டோ ஃபிரேம் செய்யறேன். சட்டம் 50 மி.மீ அகலம், 20 மி.மீ கனம். 10 இஞ்ச் பிளேடு போட்ட டேபிள் சா (மேஜை ரம்பம்), கூட வந்த மைட்டர் கேஜ் (கட்டையைக் கோணத்தில் பிடிச்சுத் தள்ளுற கருவி). மூணு மூலை சேருது, நாலாவதில் சந்து. அடுத்து ஒரு பெட்டிக்குப் பிளேடையே 45-க்குச் சாய்ச்சு அறுக்கணும். ஃபென்ஸ் (பிளேடுக்கு இணையா நிக்கிற தடுப்பு) எந்தப் பக்கம் இருக்கணும்? கைக்கு ஆபத்தில்லாத முறையைச் சொல்லுங்க.

சூரமங்கலம்:
பிழை நாலாவது மூலையில் இல்லைங்க, நாலு சட்டத்தின் ரெண்டு முனையிலும் போட்ட எட்டு வெட்டிலும் இருக்கு. ஒவ்வொன்றும் அரை டிகிரி தப்பினா மொத்தம் 4 டிகிரி. அது கடைசி மூலையில்தான் வெளியே தெரியும்.

கேஜில் போட்ட கோட்டை நம்ப வேண்டாம். ரெண்டு வேஸ்ட் கட்டையை அறுத்து, மூலைமட்டத்தில் 90-க்குச் சேர்த்துப் பாருங்க. வெளிமுனையில் சந்துன்னா கேஜ் 45-க்குக் குறைவா நிக்குது, உள்பக்கம் சந்துன்னா கூடுதல்.

கோணம் சரியா இருந்தும் தப்பும். சாய்வா அறுக்கும்போது பிளேடு கட்டையைக் கேஜ் ஓரமா நகர்த்தும். கேஜில் ஒரு நீளக் கட்டையைத் திருகி, அதன் முகத்தில் 120 நம்பர் உப்புத்தாள் ஒட்டுங்க. அதே கட்டையில் ஸ்டாப் கட்டையை கிளாம்ப் போட்டு நிறுத்தினா எதிரெதிர் சட்டங்கள் ஒரே நீளம் வரும். நீளம் 1 மி.மீ மாறினாலும் மூலை சேராது.

நீளத்துக்கு அளவா ரிப் ஃபென்ஸை (நீங்க கேட்ட அதே ஃபென்ஸ்) மட்டும் வைக்கவே வைக்காதீங்க. அறுந்த துண்டு பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் கோணலாச் சிக்கி, உங்க மேலயே பாயும். துண்டை எடுக்கிறதுன்னா சுவிட்சை அணைச்சு, பிளேடு முழுசா நின்ன பிறகுதான்.

கொண்டலாம்பட்டி:
பிளேடு சாய்க்கிற விஷயத்துக்கு வர்றேன். பிளேடு எந்தப் பக்கம் சாயுதோ, அதுக்கு எதிர்ப்பக்கம் ஃபென்ஸ். இடப்பக்கம் சாயும் மிஷின்ல வலப்பக்கம் வைக்கணும். மாத்தி வச்சா, சாய்ஞ்ச பிளேடுக்கு அடியில் கட்டை மாட்டி, மேலே தூக்கி எறியப்படும்.

பிளக்கைப் பிடுங்கிட்டுச் சாய்ங்க. பிளேடைக் கையால் ஒரு சுத்து சுத்தி, நடுத்தட்டிலும் (பிளேடைச் சுத்தி மேஜையில் பதிச்ச தட்டு) கார்டிலும் (பிளேடு மேல இருக்கிற பாதுகாப்பு மூடி) உரசுதான்னு பாருங்க. 20 மி.மீ கட்டையை 45-ல் அறுத்தா வெட்டு 28 மி.மீ ஓடும். அதனால உயரத்தைச் சாய்ச்ச பிறகு வையுங்க, பல் கட்டைக்கு மேலே 3 முதல் 5 மி.மீ தெரிஞ்சா போதும். ரைவிங் நைஃபை (பிளேடுக்குப் பின்னால், வெட்டு மூடாம பிரிச்சு வைக்கிற தகடு) கழட்டாதீங்க. கை பிளேடிலிருந்து ஒரு சாணாவது தள்ளியே இருக்கணும், கடைசித் தள்ளலுக்குத் தள்ளுகட்டை. கையுறை கூடவே கூடாது, பல்லில் மாட்டினா கையையும் சேர்த்து இழுத்துடும்.

ஒரு பக்கம் சாய்வா அறுத்த பலகையை மறுபக்கம் அறுக்கும்போது கூர்முனை ஃபென்ஸுக்கு அடியில் நுழையும், அளவு கெடும். ஃபென்ஸ் முகத்தில் மேஜையைத் தொடுற மாதிரி ஒரு பலகையைப் பொருத்துங்க.

சின்னத்திருப்பதி:
மரத்தையும் பாருங்க. ஏற்காட்டில் சுமார் 1500 மீட்டர் உயரத்தில், ஈரக்காற்றில் கிடந்த பலகை சேலம் வெயிலில் அகலத்தில் சுருங்கும், நீளத்தில் பெரிசா மாறாது. வெட்டு கோணம் 45-லிருந்து நழுவி, ஒட்டின மூலை உள்பக்கம் பிளக்கும். அறுத்த அன்னைக்கே ஒரு மூலையில் மட்டும் சந்துன்னா கேஜ் காரணம். சில வாரம் கழிச்சு நாலு மூலையும் உள்ளே திறந்தா ஈரம் காரணம். சட்டங்களுக்கு இடையில் ரீப்பர் (மெல்லிய கட்டை) வச்சு, காற்றோட்டமான நிழலில் அடுக்குங்க. ஒரு துண்டை வாரம் ஒருமுறை எடை போடுங்க, எடை குறையாம நின்ன பிறகு அறுக்கலாம்.