டெவ் தளத்தில் கட்டுரை ஏற்றும்போது இடிக்கும் இடங்கள்

முதல் பதிவு

நிரலாளர்கள் கட்டுரை வெளியிடும் டெவ்.டு தளத்தில் எழுதுகிறவர்கள் நம்மில் பலர். இந்த இழையில் ஆளுக்கு ஒரு சிக்கலைக் காரணத்தோடும் தீர்வோடும் எழுதினால் புதியவர்களுக்கு உதவும். எழுத வந்த கதை வேண்டாம். எதைச் செய்தால் என்ன ஆகிறது என்பது மட்டும் போதும். நானே தொடங்குகிறேன்.

அங்கே இரண்டு எடிட்டர்கள் உண்டு. ஒன்றில் தலைப்பு, டேக், அட்டைப்படம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கும். மற்றது வெறும் மார்க்டவுன் (எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் முறை) பெட்டி, தகவலெல்லாம் உச்சியில் --- என்ற இரண்டு வரிகளுக்கு நடுவே போகும். செட்டிங்ஸில் கஸ்டமைசேஷன் பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம். கட்டுரையைக் கணினியில் கோப்பாக வைத்து எழுதுபவர்களுக்கு இரண்டாவதுதான் சரி. ஆனால் வரும் பிழைகளில் பெரும்பாலானவை அந்த உச்சி வரிகளில்தான். ஏற்றுவதற்குமுன் அது இப்படி இருக்க வேண்டும் (புரிவதற்காகத் தமிழில் எழுதுகிறேன், எடிட்டரில் இடப்பக்கச் சொற்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் வரும்):

---
டைட்டில்: "கிட் ரீபேஸ்: எப்போது வேண்டாம்"
பப்ளிஷ்ட்: ஃபால்ஸ்
டேக்ஸ்: கிட், டுடோரியல், பிகினர்ஸ்
---

தலைப்பைச் சுற்றி மேற்கோள்குறி இருப்பதைக் கவனியுங்கள். அது இல்லையென்றால், "ரீபேஸ்" என்பதற்குப் பின் வரும் முக்காற்புள்ளியையும் அடுத்த இடைவெளியையும் யாமல் (இந்த உச்சி வரிகளை எழுதும் முறை) இன்னொரு சாவியாக எடுத்துக்கொள்ளலாம். "பாடம் #2" என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால் பிழையே காட்டாது. இடைவெளிக்குப் பின் வரும் # யாமலில் குறிப்புரையின் தொடக்கம் என்பதால், தலைப்பு "பாடம்" என்று மட்டும் படிக்கப்படலாம். வேர்டிலிருந்தோ கைபேசியிலிருந்தோ ஒட்டினால் வரும் வளைந்த மேற்கோள்குறியை யாமல் மேற்கோளாகவே எண்ணாது. நேர்குறிதான் வேண்டும்.

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு இன்னொன்று. தலைப்பின் உச்சவரம்பு 128 எழுத்துகள். நிரல் எண்ணுவது யூனிகோடு குறியீடுகளை, நாம் எண்ணும் எழுத்துகளை அல்ல. "கட்டுரை" நமக்கு 4 எழுத்து, அதற்கு 7. புள்ளி, கால், கொம்பு எல்லாமே தனிக்கணக்கு. தமிழ்த் தலைப்பு நாம் நினைப்பதைவிடச் சீக்கிரமே வரம்பை முட்டும்.

மறுமொழி 1

டேக் பத்தி நான் சொல்றேன். நாலுதான். அஞ்சாவது போட்டா சேவ் ஆகாது. எழுத்தும் எண்ணும் மட்டும்தான், ஹைஃபன் கூடாது, நடுவுல இடைவெளி கூடாது. மெஷின் லேர்னிங்னா ஒட்டி ஒரே சொல்லா அடிக்கணும். சி ஷார்ப்புக்கு அந்த ஷார்ப் குறி போகாது, "சிஷார்ப்"னு ஆங்கிலத்துல எழுத்தாவே எழுதணும். சி ப்ளஸ் ப்ளஸ்க்கு "சிபிபி".

நாலு இடத்தையும் பரவலான டேக்கால நிரப்புறது வீண். "வெப்டெவ்", "ப்ரோக்ராமிங்" ரெண்டையும் சேர்த்துப் போட்டா ஓடுற ஓட்டத்துல நம்ம கட்டுரை காணாம போயிடும். ஒண்ணு பரவலானது, ரெண்டு குறிப்பானது, மீதி ஒண்ணு வகைக்கு (டுடோரியலா, டிஸ்கஸ்ஸான்னு), இதுதான் சரியா வரும். டேக் பக்கத்துக்கே போய் அதோட விதியைப் படிச்சிடுங்க. பிகினர்ஸ் டேக்குக்குத் தனி வழிகாட்டுதல் இருக்கு. குபர்னெட்டிஸ் உள்கட்டமைப்பை எழுதிட்டு அதைப் போட்டா, டேக் மாடரேட்டர் எடுத்துடுவார். அவர் மேல தப்பு இல்ல.

மறுமொழி 2

நேரம் குறித்து வெளியிடும் வசதி இருக்கிறது. தனிக்கட்ட எடிட்டரில் போஸ்ட் ஆப்ஷன்ஸ் பட்டியலுக்குள் இருக்கும். மார்க்டவுன் எடிட்டரில் "பப்ளிஷ்ட் அட்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ஆண்டு, மாதம், நாள், மணி, அதற்குப் பின் நேர வேறுபாடு: 2025-03-10 09:00 +0530. கடைசித் துண்டை விட்டுவிட்டால் அது யூடிசி (உலகப் பொதுநேரம்) என்று கொள்ளப்படும். காலை 9 மணிக்கு நினைத்தது, சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் பிற்பகல் 2:30க்கு வரும். எடிட்டரே தரும் மாதிரி வரியில் +0000 என்றுதான் இருக்கும். அதை அப்படியே நகலெடுப்பதால்தான் குழப்பம். +0000 வைத்தே எழுதுவதென்றால் 03:30 என்று போடுங்கள்.

வெளியான பிறகு அந்த வரியைத் தொடாதீர்கள், வெளியான தேதியை மாற்ற முடியாது என்று பிழை வரும். கடந்த தேதியையும் ஏற்காது. ஆர்எஸ்எஸ் (ஒரு தளத்தின் புதிய பதிவுகளைத் தானாகத் தரும் ஓடை) வழியாக உள்ளே வந்த கட்டுரைகளுக்கு மட்டும் இதில் விலக்கு.

தொடர் எழுதுபவர்களை இது நேரடியாகப் பாதிக்கும். ஒரு தொடருக்குள் வரிசை வெளியான தேதிப்படிதான். இரண்டாம் பாகத்தை முதலில் வெளியிட்டுவிட்டால் அது முதலில்தான் நிற்கும். தேதியைத் திருத்தவும் வழியில்லை. தொடரின் பெயரும் எல்லாப் பாகத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பெரிய எழுத்து மாறினாலும் வேறொரு தொடர் உருவாகிவிடும்.

மறுமொழி 3

உடற்பகுதியில் மூன்று இடம்.

விம் எடிட்டரில் எழுதி 80 எழுத்துக்கு ஒருமுறை வரி உடைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட வேண்டும். கிட்ஹப்பில் ரீட்மீ கோப்பைப் பார்க்கும்போது ஒற்றை வரி உடைப்பு மறைந்து பத்தி ஒன்றாக ஓடும். டெவ் தளத்தின் மார்க்டவுன் மாற்றி ஒவ்வோர் உடைப்பையும் உண்மையான வரி முறிவாக ஆக்கிவிடுகிறது. கைபேசியில் பார்த்தால் வரிகள் ஒரு சொல், இரண்டு சொல்லாகத் தொங்கும். ஏற்றுமுன் பத்திகளை ஒரே வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது லிக்விட் குறிகள். சுருள் அடைப்புக்குறியும் சதவீதக் குறியும் சேர்ந்து வந்தால் தளம் அதைத் தனக்கான கட்டளை என்று படிக்கும். யூடியூப், கிட்ஹப், கோட்பென் இணைப்புகளை உட்பொதிக்க அதுதான் வழி, "எம்பெட்" என்ற சொல்லோடு முகவரியைக் கொடுத்தால் போதும். அதே குறிகளைப் பயன்படுத்தும் ஜிஞ்சா, அன்சிபில், ஜாங்கோ போன்ற நிரல் கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்களுக்குத்தான் தொல்லை. வாக்கியத்தின் நடுவே வெறுமனே {% என்று எழுதினால் லிக்விட் பிழை காட்டிச் சேமிக்காது. பின்கோட்டுக் குறிகளுக்குள்ளோ (`) மூன்று பின்கோட்டு வேலிக்குள்ளோ வைத்தால் தப்பிக்கும். வேறு எங்கேயாவது வைத்தே ஆக வேண்டுமென்றால் "ரா", "எண்ட்ரா" குறிகளுக்கு நடுவே போடுங்கள்.

கணிதச் சமன்பாட்டுக்கு டாலர் குறி எடுபடாது, "கேடெக்ஸ்" லிக்விட் குறி உண்டு. மெர்மெய்ட் (உரையிலிருந்து வரைபடம் ஆக்கும் கருவி) வரைபடத்தைப் படமாக்கித்தான் போட வேண்டும்.

மூன்றாவது படங்கள். கோப்புறைக்குள் இருக்கும் உறவுமுறைப் பாதை அங்கே வேலை செய்யாது, முழு முகவரி வேண்டும். அட்டைப்படம் 1000க்கு 420 பிக்சல். வேறு விகிதத்தில் கொடுத்தால் ஓரங்கள் வெட்டுப்படலாம், ஓரத்தில் எழுத்து இருந்தால் முதலில் போவது அதுதான்.

உட்தலைப்புகளை இரண்டு # குறியோடு தொடங்குங்கள். ஒற்றை # ஏற்கெனவே கட்டுரைத் தலைப்புக்குப் போய்விட்டது. எடிட்டரும் இதைச் சுட்டிக்காட்டும். படத்துக்கு மாற்றுரை இல்லையென்றாலும் சொல்லும். பலர் அந்த மஞ்சள் பெட்டியைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

மறுமொழி 4

சொந்த வலைத்தளத்தில் முதலில் வெளியிட்டு டெவ்வில் நகல் போடுபவர்களுக்கு "கனானிக்கல்" முகவரிதான் உயிர். எது மூலம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் வரி அது. இல்லையென்றால், டெவ் போன்ற பெரிய தளத்தின் பக்கம் மேலே வந்து உங்கள் மூலப் பக்கம் பின்னுக்குப் போகலாம். மூலத்தை வெளியிட்டு, கூகுள் அட்டவணையில் ஏறிவிட்டதா என்று பார்த்து, பிறகு நகலை ஏற்றுவது என் பரிந்துரை.

ஒரே கனானிக்கல் முகவரியோடு இரண்டு வெளியான கட்டுரைகள் இருக்க முடியாது. வார்ப்புருவை நகலெடுத்து அந்த வரியை மாற்ற மறந்தால் "ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது" என்று வரும். வரைவாகச் சேமிக்கும்போது ஒன்றும் சொல்லாது. வெளியிடும் நொடியில்தான் இடிக்கும்.

ஆர்எஸ்எஸ் வழி தானாக இழுக்க எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் ஓடையின் முகவரியைக் கொடுக்கலாம். மூலத்தைக் கனானிக்கல் ஆக்கும் பெட்டியை டிக் செய்ய மறக்காதீர்கள். வந்தவை வரைவாகத்தான் நிற்கும். ஓடையில் முழுக் கட்டுரை இல்லாமல் சுருக்கம் மட்டும் இருந்தால் வரைவும் சுருக்கமாகவே வரும், வேர்ட்பிரஸ் பயன்படுத்துவோர் வாசிப்பு அமைப்பில் "முழு உரை"க்கு மாற்ற வேண்டும். எச்டிஎம்எல்லை மார்க்டவுனாகத் திருப்பும்போது நிரல் பெட்டிகளின் மொழிக்குறிப்பு பெரும்பாலும் தொலைந்துபோகும். வண்ணம் இல்லாமல் வந்தால் அதுதான் காரணம். வேலிக்குப் பக்கத்தில் மொழியின் பெயரைக் கையால் சேருங்கள்.

மறுமொழி 5

ஆர்எஸ்எஸ்ஸை விட ஏபிஐ (நம் நிரலே தளத்தோடு நேரடியாகப் பேசும் வழி) மேல். அதே எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் சாவி எடுத்து, "ஏபிஐ-கீ" என்ற ஹெடரில் (கோரிக்கையோடு போகும் தகவல் வரி) அனுப்பினால், போஸ்ட் கோரிக்கையில் புதிய கட்டுரை உருவாகும், புட் கோரிக்கையில் பழையது திருத்தப்படும். யூசர் ஏஜென்ட் ஹெடரையும் சேர்த்து அனுப்புங்கள், அது இல்லாத கோரிக்கைக்கு 403 வருவதுண்டு. சாவி தவறென்றால் 401. உள்ளடக்கம் விதிக்குப் பொருந்தாவிட்டால் 422, அதன் பதிலிலேயே காரணம் எழுதியிருக்கும். அடுத்தடுத்து வேகமாக அனுப்பினால் 429.

பலர் மணிக்கணக்கில் தேடும் பிழை இது: ஜேசனில் (கோரிக்கையில் தகவல் அனுப்பும் வடிவம்) பப்ளிஷ்ட் ட்ரூ என்று அனுப்பியும் கட்டுரை வரைவாகவே நிற்கும். உடற்பகுதியின் உச்சியில் பப்ளிஷ்ட் ஃபால்ஸ் இருப்பதுதான் காரணம். இரண்டிலும் ஒரே தகவல் இருந்தால் உச்சி வரிகளே வெல்லும். தலைப்பு, டேக் எல்லாவற்றுக்கும் இதே கதி. ஒரு வழியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வரிகளைக் கோப்பில் வைத்து ஜேசனில் உடற்பகுதியை மட்டும் அனுப்புவது எளிது.

போஸ்டுக்கு வரும் பதிலில் உள்ள ஐடி எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஓட்டத்தில் புட்டுக்குப் பதில் போஸ்ட் போய், ஒரே கட்டுரை இரண்டாக நிற்கும். தொலைந்துவிட்டால் உங்கள் கட்டுரைப் பட்டியலைக் கேட்டு எடுக்கலாம், வரைவுகளுக்குத் தனி முகவரி உண்டு. தனியாக எண்ணிக்கை கேட்காவிட்டால் ஒரு பக்கத்துக்கு 30தான் வரும், மீதிக்குப் பக்க எண் மாற்றிக் கேளுங்கள். அழிக்க மட்டும் ஏபிஐ கிடையாது, டாஷ்போர்டுக்குத்தான் போக வேண்டும்.

மறுமொழி 6

அண்ணா, கிட்ஹப் ஆக்ஷன் வெச்சு இதைத் தானா ஓட விடுறவங்களுக்கு ஒண்ணு: சாவியை ரெப்போவோட சீக்ரெட்ஸ்ல போடுங்க, கோப்புல வேண்டாம். அப்புறம், தளத்துல போய் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திட்டு அதைக் கோப்புல திருத்தாம விட்டீங்கன்னா, அடுத்த புஷ்ல பழைய பிழை திரும்ப வந்து உட்கார்ந்துக்கும். திருத்தம் கோப்புலதான் நடக்கணும். எழுதினவங்களுக்குப் பழைய வடிவங்களைக் காட்டுற வசதியும் தளத்துல இல்ல, கிட் வரலாறுதான் கை கொடுக்கும்.

மறுமொழி 7

வெளியான பின் பராமரிப்பு பற்றி யாரும் எழுதவில்லையே.

வரைவின் முகவரியில் "டெம்ப் ஸ்லக்" என்ற துண்டு இருக்கும், வெளியிட்டதும் அது மாறும். வரைவை நண்பருக்குக் காட்ட, முன்னோட்டக் குறியீட்டோடு சேர்ந்த முழு இணைப்பையே அனுப்ப வேண்டும். அந்த இணைப்பை வேறு எங்கும் பகிராதீர்கள். வெளியான பிறகு தலைப்பை எத்தனை முறை மாற்றினாலும் முகவரி மாறாது, ஆகவே எழுத்துப்பிழையுள்ள தலைப்போடு வெளியிட்டால் அந்தப் பிழை முகவரியில் நிரந்தரம். பயனர்பெயரை மாற்றினால் பழைய இணைப்புகள் புதியதற்குத் திரும்பும், ஆனால் கடைசி இரண்டு பழைய பெயர்களுக்கு மட்டும்.

அன்பப்ளிஷ் செய்தால் மறுமொழிகள் அழியாது, வாசகருக்கு 404 காட்டும். மறுபடி வெளியிட்டால் அதே முகவரி, அதே பழைய தேதி. புதுக் கட்டுரைபோல தளத்தின் முகப்புப் பட்டியலின் உச்சிக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பழைய கட்டுரையில் ஒரு கமா திருத்தப் போனால் சேமிக்க மறுக்கிறதா? உட்பொதித்த இணைப்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு சேமிப்பிலும் உடற்பகுதி முழுக்க மறுபடி அலசப்படும். எம்பெட் செய்த பக்கம் செத்திருந்தால் அங்கேயே நிற்கும். அந்த வரியைச் சாதாரண இணைப்பாக்கினால் சரியாகிவிடும்.

மறுமொழி 8

விதிகளில் அடிக்கடி மீறப்படுவது ஒன்று: "முழுக் கட்டுரைக்கு இங்கே சொடுக்கவும்" என்று இரண்டு பத்தியோடு நிறுத்துவது. கட்டுரையில் போதிய உள்ளடக்கம் இருக்க வேண்டும், வெளி இணைப்புக்கு வாசலாக மட்டும் இருக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. கனானிக்கல் வசதி இருக்கும்போது இந்தத் தந்திரத்துக்குத் தேவையும் இல்லை. அஃபிலியேட் இணைப்பு இருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததென்றால் அதையும் கட்டுரையில் குறிப்பிட வேண்டும், அதற்கென்றே "எ பாட் ரோட் திஸ்" என்று ஒட்டி எழுதும் டேக் ஒன்று இருக்கிறது. அதுவும் அந்த நாலு டேக் கணக்கில் சேரும்.