உப்புப் பொட்டலில் மலைவேம்பு கருகுகிறது, வேறு என்ன மரம் வைக்கலாம்?

முதுகுளத்தூர்க்காரன்:

வணக்கம். முதுகுளத்தூர் பக்கம் எங்களுக்கு 3 ஏக்கர் மானாவாரி நிலம். தாத்தா காலத்தில் சோளமும் மிளகாயும் விளைந்தது, அப்புறம் முப்பது வருடம் சீமைக் கருவேலக் காடு. போன வருடம் ஜேசிபி வைத்து வேரோடு எடுத்தேன். எடுத்த பிறகுதான் தெரிகிறது, நடுவில் ஓர் ஏக்கர் சித்திரையில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் நான்கு நாள் டீ மாதிரி கலங்கியே நிற்கிறது.

நாற்றுப் பண்ணையில் சொன்னார்கள் என்று ஐப்பசியில் 200 மலைவேம்பு வைத்தேன். இன்றைக்கு எண்ணினால் 11. குழிக்கு இரண்டு கூடை தொழுவுரம் போட்டேன், குறை வைக்கவில்லை. அப்பத்தா சிரிக்கிறார்: "துணி வெளுக்க உவர்மண் அள்ளிட்டுப் போன இடம்டா அது."

உப்பை உறிஞ்சி எடுக்கும் மரம் எது? ஜிப்சம் போட்டால் சரியாகுமா?

மணிகண்டம் பெரியவர்:

தம்பி, உப்பை உறிஞ்சும் மரத்தைத் தேடாதீர்கள். மரம் இலையில் சேர்க்கிற உப்பு சொற்பம். அந்த இலையும் உங்கள் நிலத்தில்தானே விழப்போகிறது? மரம் செய்வது வேறு வேலை. நிழல் விழுந்தால் மண் காய்வது குறையும், அடியில் இருக்கிற உப்பு மேலே ஏறாது. வேர் இறங்கின வழியில் மழைத் தண்ணீர் இறங்கும். உப்பைக் கீழே கொண்டுபோவது அந்தத் தண்ணீர்தான்.

உங்கள் அப்பத்தா பாதி விடையைச் சொல்லிவிட்டார். துணி வெளுக்கும் மண் என்றால் அதில் சோடியம் கார்பனேட் இருக்கும். பேச்சில் அதை உவர் என்கிறோம், மண் ஆய்வில் அதற்குப் பெயர் களர். உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம், மின்கடத்தும் திறன் (EC) 4 dS/m-க்கு மேல் போகும். நல்ல தண்ணீர் தேக்கி வடித்தால் குறைந்துவிடும். களரில் கார அமில நிலை (pH) 8.5-ஐத் தாண்டும். சோடியம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு அதைக் கூழாக்கிவிடும், தண்ணீர் இறங்கவே இறங்காது. நீங்கள் சொன்ன டீத் தண்ணீர் அதுதான். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அந்தச் சோடியத்தை விரட்டிவிட்டு அங்கே உட்காரும். வெறும் உவரில் ஜிப்சம் போடுவது காசுக்குக் கேடு.

ஆய்வுக்குக் கொடுக்கும் முன் வீட்டிலேயே பாருங்கள். சுண்டைக்காய் அளவு காய்ந்த மண்கட்டியை, மழைத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரில் மெல்ல இறக்கி ஆட்டாமல் வையுங்கள். போர்த் தண்ணீர் வேண்டாம், அதில் இருக்கிற உப்பே ஏமாற்றிவிடும். மறுநாள் கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கியிருந்தால் களர்.

அடுத்தது குழி. நானும் ஒரு காலத்தில் இரண்டடிச் சதுரக் குழியில் புங்கம் வைத்தவன். இரண்டு வருடம் ஜம்மென்று வந்தது, மூன்றாம் வருடம் உச்சி காய்ந்தது. தோண்டிப் பார்த்தால் வேர் அடியில் இறுகிக் கிடக்கும் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) தட்டில் முட்டி, பாய் மாதிரி சுருண்டு கிடக்கிறது. ஹரியானாவில் கர்னாலில் களர், உவர் நிலத்துக்கென்றே 1969-ல் தொடங்கிய மத்திய ஆராய்ச்சி நிலையம் சொல்லும் முறைக்கு அப்புறம்தான் மாறினேன். ஒரு சாணுக்குள் அகலம், நாலடி ஆழம், டிராக்டரில் மாட்டும் துளைப்பானால் சுக்கானை ஊடுருவித் துளை. எடுத்த மண்ணோடு 3 கிலோ ஜிப்சம், 8 கிலோ மக்கிய எரு கலந்து நிரப்ப வேண்டும். அதில் வைத்த நாட்டுக் கருவேலமும் புங்கமும் இன்றைக்கும் நிற்கின்றன. மலைவேம்பு, தேக்கை மறந்துவிடுங்கள்.

பெர்த் தமிழன்:

இடையில் ஒன்று. நான் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவில் பாசனமே இல்லாத கோதுமை நிலம் உப்பாகிக் கிடக்கிறது. காட்டை வெட்டியதால் நிலத்தடி நீர் ஏறி, அடியில் கிடந்த உப்பையும் மேலே கொண்டுவந்துவிட்டது. 1924-லேயே வுட் என்ற ரயில்வே பொறியாளர் இதை எழுதிவைத்தார். இங்கே உப்புத் திட்டில் மட்டும் மரம் வைத்தவர்கள் தோற்றார்கள், மழை இறங்கும் மேட்டிலும் வைக்க வேண்டியிருந்தது. உங்கள் நிலத்துக்கு மேலே கண்மாய் ஏதும் இருக்கிறதா?

முதுகுளத்தூர்க்காரன்:

கண்மாய் தள்ளித்தான் இருக்கிறது அண்ணா, கசிவு இல்லை. பெரியவர் சொன்ன டம்ளர் பால் மாதிரியே ஆனது. ஆய்வு முடிவும் வந்துவிட்டது: கார அமில நிலை 9.1, மின்கடத்தும் திறன் 1.2. அப்படியானால் சீமைக் கருவேலத்தை எடுத்தது தப்பா ஐயா? ஊரே அதுதான் நிலத்தைக் கெடுத்தது என்கிறது.

மணிகண்டம் பெரியவர்:

சுத்தக் களர். சீமைக் கருவேலத்தைப் பற்றிச் சொன்னால் அடிக்க வருவார்கள். கர்னாலில் களரைத் திருத்தவே அதை வைத்தார்கள், அதன் அடியில் மண் தேறியது. உங்கள் ஊரில் அது கண்மாயையும் வரப்பையும் விழுங்கியதும் உண்மை. எடுத்தது எடுத்ததுதான், ஆனால் வெறும் பொட்டலாகப் போடாதீர்கள். புரட்டாசி மழையில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுங்கள். துளையெல்லாம் அதற்கு அப்புறம். வரப்பை உயர்த்தி மழைத் தண்ணீரை வெளியே விடாமல் நிறுத்துங்கள், ஜிப்சத்துக்கு அது இல்லாமல் வேலை நடக்காது.

முதுகுளத்தூர்க்காரன்:

துளைப்பானுக்கு வாடகை கேட்டிருக்கிறேன். மிச்சம் இருக்கும் 11 மலைவேம்பைப் பிடுங்கிவிடவா?

மணிகண்டம் பெரியவர்:

பிடுங்காதீர்கள். அவை பிழைத்த இடத்தில் மண் கொஞ்சம் தேவலை என்று அர்த்தம். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, அங்கிருந்து தனியாக மண் எடுத்து இன்னொரு தடவை ஆய்வுக்கு அனுப்புங்கள். ஜிப்சம் செலவு அங்கே குறையும்.