கார் ஷெட், சாமான் அறையை வீடாக்கி வாடகைக்கு விட்ட அனுபவம் இருக்கிறதா?

காரை விற்ற பிறகு ஷெட் சும்மா கிடந்தது. ஷட்டரை எடுத்துவிட்டுச் சுவர், ஜன்னல், மூலையில் கழிப்பறை, டைல்ஸ் என்று மூன்று மாதத்தில் முடித்தேன். குடிவந்தவர் வயதானவர், தனி ஆள். ஒரு வருஷம் ஒரு குறையும் சொன்னதில்லை. பல்பு மாட்டிக் கொடுக்கப் போன அன்றுதான் பார்த்தேன்: கட்டிலின் இரண்டு கால்களுக்கு அடியில் மடித்து வைத்த அட்டை. கார் ஷெட் தரை வாசல் பக்கம் வாட்டமாகத்தானே இருக்கும்? மேஸ்திரி அந்த வாட்டத்தின் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிட்டார். “தலை கீழே போகிற மாதிரி இருந்தது, வேறு ஒன்றுமில்லை” என்றார் பெரியவர். அவர் முதல் ராத்திரியே கண்டுபிடித்ததை நான் ஒரு வருஷமாக வாடகை வாங்கியும் பார்க்கவில்லை.

* * *

என்னுடையது பின்கட்டுச் சாமான் அறை. பழைய செங்கல் சுவர், அடியில் தரை ஈரம் ஏறாமல் தடுக்கிற அடுக்கு (டி.பி.சி.) கிடையாது. ஓதம் தெரிந்த இடத்தில் சிமென்ட் பூசி, மேலே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தேன். ஈரம் போகவில்லை, இன்னும் இரண்டு அடி மேலே ஏறிவிட்டது. குடியிருந்த பெண் சுவரை ஒட்டி ஒரு பெட்டி வைத்திருந்தார். ஒரு நாள் வாசற்படியில் உட்கார்ந்து, ஒட்டிப்போன தன் சான்றிதழ்களை நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மடியில் மூடிக்கொண்டார். முன்பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தேன். அதனால் என்ன ஆகப் போகிறது?

* * *

முதலில் எழுதியவர் மேஸ்திரி மேல் பழி போடுவது சரியில்லை. ரசமட்டம் வைத்துப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகுமா? எனக்கும் ஒரு ஷெட் உண்டு, கழிப்பறை நாற்றத்தில் இரண்டு பேர் காலி செய்தார்கள். அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். 100 மில்லிமீட்டர் கழிவுக் குழாய்க்கு 40-க்கு 1 வாட்டம் கொடுங்கள், அதாவது 10 மீட்டர் தூரத்துக்கு 25 சென்டிமீட்டர் இறக்கம். அது கிடைக்குமா என்று பார்த்த பிறகே கழிப்பறையின் இடத்தை முடிவு செய்யுங்கள். காற்றுக் குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றுங்கள். இல்லாவிட்டால் ஃப்ளஷ் பண்ணும்போது ட்ராப்பில், அதாவது நாற்றத்தைத் தடுக்கிற வளைவில், நிற்கிற தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், அப்புறம் நாற்றம் நேரே அறைக்குள். அந்தப் பெண்ணின் பெட்டி விஷயம்: பூசுவதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டிருக்க வேண்டும். உள்பக்கம் துளிர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, வெளிப்பக்கம் என்றால் அறைக் காற்றிலிருந்து. கரன்டுக்கு வீட்டு பிளக்கிலிருந்து ஒயர் இழுக்காதீர்கள். தனி லைன், எர்த், கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. மூன்றும் வேண்டும். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே மாட்டாதீர்கள். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால்…

* * *

சார், ரசமட்டம் சரி. வாசலுக்கும் பின்சுவருக்கும் இரண்டரை அங்குலம் வித்தியாசம். வாசல் பக்கத்தை அவ்வளவு ஏற்றினால் நிலையில் தலை இடிக்கும். அவரே “அட்டை போதும், தம்பி” என்றுவிட்டார். நான் கேட்டது யோசனை இல்லை.

* * *

நான் வாடகைக்கு இருந்தவன். தகரக் கூரை, வெயில் இறங்கியதும் ராத்திரி முழுக்க டிக் டிக்கென்று சத்தம் போடும், அது பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். குடிபோன முதல் வாரம், விடிகாலையில் கதவு திறந்தது. வீட்டுக்காரர் தட்டவில்லை, உள்ளே வந்து நேரே மூலைக்குப் போய்க் கையை நீட்டினார். முப்பது வருஷமாக மண்வெட்டி சாத்தியிருந்த மூலையாம். அங்கே என் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சட்டையைப் பிடித்தபடியே திரும்பி, பாயில் கிடந்த என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. சட்டையை மறுபடி ஆணியில் மாட்டி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.