புது பிஎஸ்6 டீசல் பிக்கப்: டிபிஎஃப் விளக்கு திரும்பத் திரும்ப எரிகிறது, இழுவையும் போய்விட்டது. உதவி தேவை

கபிஸ்தலம் வாழைவண்டி

எல்லோருக்கும் வணக்கம். ஏழு மாதம் முன்பு லோன் போட்டு ஒரு டீசல் பிக்கப் எடுத்தேன். புதிதாக வந்த எஞ்சின், பிஎஸ்6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) இரண்டாம் கட்டம், புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியா கரைசலுக்கான டேங்க் கிடையாது. இதுவரை 14,200 கி.மீ. ஓடியிருக்கிறது. நானேதான் ஓட்டுகிறேன், டிரைவர் வைக்கவில்லை.

தினமும் விடியற்காலை கொள்ளிடக் கரைப் பக்கம் வாழைத்தார் ஏற்றி, சுவாமிமலை வழியாகத் தாராசுரம் மார்க்கெட்டுக்குப் போய் இறக்குவேன். ஒரு நடைக்குப் பதினைந்து, பதினாறு கி.மீ.தான். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நிற்பதும் உண்டு.

முதல் ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் சல்லடை) விளக்கு எரிந்தது. இரண்டு நாளில் எஞ்சின் விளக்கும் சேர்ந்துகொண்டது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் நாற்பதைத் தாண்டவில்லை. ஷோரூமில் கம்ப்யூட்டரை மாட்டி, வண்டியை நிறுத்தி வைத்தபடியே ரீஜென் (டிபிஎஃப்-இல் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்வது) செய்து கொடுத்தார்கள். ஒன்பதே நாளில் மறுபடி விளக்கு. மறுபடி ரீஜென். இப்போது மூன்றாவது முறை. "நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை, மெதுவாக ஓட்டுகிறீர்கள், டிபிஎஃப் மாற்ற வேண்டி வரலாம், அதற்கு வாரண்டி கிடைப்பது சந்தேகம்" என்கிறார்கள்.

சுவாமிமலை ரோட்டில் 80-ல் ஓட்ட முடியுமா? மைலேஜும் 13-லிருந்து 10-க்கு வந்துவிட்டது. வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கருகல் வாசனை வருகிறது. இரண்டாவது சர்வீசுக்குப் பிறகு, லோடோடு ஆற்றுக்கரை மேடு ஏறும்போது உஸ்ஸென்று ஒரு சத்தமும் கேட்கிறது. அது டர்போ சத்தம், அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

எஞ்சினே மோசமா, அல்லது நான்தான் கெடுத்துவிட்டேனா? மாதத் தவணை நிற்காது, வண்டி நின்றால் வீடே நிற்கும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருத்துறைப்பூண்டி லோடு

எனக்கும் இதே தலைவலி இருந்தது தம்பி. ஊரில் ஒருவர் டிபிஎஃப்-ஐ வெட்டி உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரிலும் அதை மறைத்துக் கொடுக்கிறார். ஒரே நாள் வேலை. பலர் செய்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்.

மன்னை டீசல்செட்

வெட்டுகிற வேலை வேண்டாம் தம்பி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை அப்படி மாற்றக் கூடாது. எஃப்சி-க்கு (தகுதிச் சான்று) நிற்கும்போது சிக்கல். வாரண்டி அன்றோடு முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, உங்கள் வண்டியில் நோய் டிபிஎஃப்-இல் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அது காய்ச்சல் மாதிரி. காய்ச்சலுக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

நான் இருபது வருடத்துக்கும் மேலாக டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை பார்க்கிறேன். பதில் சொல்வதற்கு முன் சில விஷயம் தெரிய வேண்டும். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது சமதளத்தில் நிறுத்தி ஆயில் கம்பியை எடுத்துப் பாருங்கள். மேல் கோட்டுக்கு எவ்வளவு மேலே இருக்கிறது? முகர்ந்தால் டீசல் வாசனை வருகிறதா? ஷோரூமில் ஸ்கேனர் மாட்டியபோது ஒரு ரீஜெனுக்கும் அடுத்ததற்கும் எத்தனை கி.மீ. இடைவெளி என்று காட்டியிருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். டீசல் எங்கே போடுகிறீர்கள்? வெளியில் ஆயில் மாற்றினீர்களா? அந்த உஸ் சத்தம் சும்மா நின்று ரேஸ் செய்தால் வருகிறதா, லோடில் மட்டும்தானா?

கபிஸ்தலம் வாழைவண்டி

அண்ணே, இப்போதுதான் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரல் அளவு ஏறி நிற்கிறது! நான் ஊற்றவே இல்லை. தொட்டுப் பார்த்தால் தண்ணீர் மாதிரி ஓடுகிறது, டீசல் நாற்றம் தெளிவாக அடிக்கிறது. ஜாப் கார்டில் ரீஜென் இடைவெளி என்று 70 கி.மீ., 64 கி.மீ. எழுதியிருக்கிறார்கள். டீசல் எப்போதும் ஒரே பெட்ரோல் பங்கில். ஆயில் இரண்டு முறையும் ஷோரூமில்தான். சத்தம் லோடில் மட்டும், அதுவும் கரை ஏறும்போது.

மன்னை டீசல்செட்

முதல் காரியம், இந்த ஆயிலோடு இனி லோடு ஏற்றாதீர்கள். இன்றே நிறுத்துங்கள். டீசல் கலந்து நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. அளவு மிகவும் கூடினால் அந்த ஆயிலையே எஞ்சின் இழுத்து எரிக்கத் தொடங்கி, சாவியைத் திருப்பினாலும் அணையாமல் ஓடிச் சிதறிய எஞ்சின்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆயில் ஏன் ஏறுகிறது என்பதைச் சொல்கிறேன். டிபிஎஃப் என்பது சைலன்சர் வழியில் இருக்கும் சல்லடை. டீசல் எரிந்த கரித்தூள் அதில் தங்கும். அது நிறைந்தால் எரித்துச் சாம்பலாக்க வேண்டும், அதற்குச் சுமார் 550 முதல் 600 டிகிரி சூடு வேண்டும். நல்ல ரோட்டில் லோடோடு தொடர்ந்து ஓடினால் சூடு தானாக ஏறிக் கொஞ்சம் கொஞ்சமாக எரியும். பதினைந்து கி.மீ. நடையில் அந்தச் சூடு வராது. அப்போது கம்ப்யூட்டர் தானே முடிவெடுத்து, பிஸ்டன் இறங்கும் நேரத்தில் கூடுதலாக டீசல் தெளிக்கும். அந்த டீசல் சைலன்சர் பக்கம் போய் எரிந்து சூட்டைக் கூட்டும். அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஆயிலில் சேரும். வேலை பாதியில் இருக்கும்போது நீங்கள் மார்க்கெட்டில் வண்டியை அணைத்தால், தெளித்த டீசல் வீண், கரியும் எரியவில்லை. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து. நிறுத்திய பிறகு சுற்றுகிற ஃபேனும் கருகல் வாசனையும் பாதியில் நின்ற ரீஜெனின் அடையாளம்.

இதுவரை ஷோரூம் சொன்னதில் பாதி சரி. நம் ஊர் ஓட்டம் இந்த அமைப்புக்கு ஒத்துவராத ஓட்டம். ஆனால் மீதிப் பாதியை அவர்கள் பார்க்கவில்லை. குறுகிய ஓட்டம் மட்டுமே காரணம் என்றால் முதல் ஐந்து மாதமும் வந்திருக்க வேண்டும். என்னிடம் வரும் வண்டிகளில் ரீஜென் சில நூறு கி.மீ.க்கு ஒரு முறைதான் வரும். 64 கி.மீ.க்கு ஒரு முறை என்றால் எஞ்சின் அளவுக்கு மீறிக் கரி கக்குகிறது.

அந்த உஸ் சத்தத்தில்தான் எனக்குச் சந்தேகம். டர்போவிலிருந்து (காற்றை அழுத்தி எஞ்சினுக்குத் தள்ளும் பாகம்) இன்டர்கூலருக்கு (அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) போகும் ரப்பர் ஹோஸ், அங்கிருந்து எஞ்சினுக்கு வரும் ஹோஸ், இரண்டையும் பாருங்கள். உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அது அளந்த காற்றை நம்பித்தான் கம்ப்யூட்டர் டீசல் விடும். நடுவழியில் ஹோஸ் பிளந்து காற்று வெளியே போனால், டீசல் முழு அளவு, காற்று குறைவு. எரியாத கரி. இழுவை போகும், மைலேஜ் போகும். பழைய வண்டியாக இருந்தால் பின்னால் கரும்புகை கிளம்பி ஊருக்கே காட்டிக் கொடுத்திருக்கும். இதில் டிபிஎஃப் அந்தப் புகையை விழுங்கி மறைத்துவிடுகிறது. அதனால்தான் வெளியே சுத்தமாகத் தெரிகிறது, உள்ளே அடைத்துக்கொண்டே போகிறது.

லோடில் மட்டும் சத்தம் வருவதும் பொருந்துகிறது. நின்றபடி ரேஸ் செய்தால் டர்போ அழுத்தம் ஏறாது, பிளவு வாய் திறக்காது. சமவெளியில் நமக்கு மேடு என்றால் ஆற்றுக்கரை ஒன்றுதான், அங்கேதான் அழுத்தம் முழுதாக ஏறும். ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கறுப்பாக ஆயில் கசிந்து புழுதி ஒட்டியிருந்தால் அதுதான் இடம்.

வேதாரண்யம் மீன்வண்டி

குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். என் வண்டி வேறு கம்பெனி, அதுவும் புது எஞ்சின். எனக்குப் போனது இன்ஜெக்டரும் ஹை பிரஷர் பம்பும். வயலில் மோட்டாருக்கு வாங்கி வைத்த பேரல் டீசலை இரண்டு முறை ஊற்றினேன், அவ்வளவுதான். அடியில் தண்ணீர் இருந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால் பம்புக்குள் இரும்புத்தூள். வாரண்டி இல்லை என்று கைவிரித்தார்கள், அதில் என்னால் வாதாட முடியவில்லை.

மன்னை டீசல்செட்

மீன்வண்டி அண்ணன் சொல்வதை எல்லோரும் மனதில் வையுங்கள். பேரலில் வைக்கும் டீசலுக்குள் ராத்திரி பனியில் ஈரம் சேரும், தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கும். பம்ப் செட் எஞ்சின் அதைக் குடித்துவிட்டு ஓடும். இந்த வண்டிகளில் இன்ஜெக்டருக்கு டீசல் கொடுக்கும் ரெயில் குழாயில் அழுத்தம் 1,600 பாருக்கும் (அழுத்த அளவு) மேலே போகிறது, பம்பின் உள்பாகங்களுக்கு எண்ணெய்ப் பசையே அந்த டீசல்தான். தண்ணீர் போனால் இரும்போடு இரும்பு உரசும். மண்ணெண்ணெய் கலந்தாலும் அதே கதி. டேஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரிந்தால் அங்கேயே நிறுத்தி, ஃபில்டர் அடியில் இருக்கும் திருகைத் திறந்து வடியுங்கள்.

ஒரத்தநாடு ஆர்

ஒரு சின்னச் சந்தேகம். எங்கள் வண்டியில் நீல மூடி யூரியா டேங்க் இருக்கிறது. கேன் விலைக்கு வாங்குவதற்குப் பதில் வீட்டில் இருக்கும் யூரியா மூட்டையைக் கரைத்து ஊற்றலாம் என்கிறார்களே?

மன்னை டீசல்செட்

ஊற்றவே ஊற்றாதீர்கள். அந்த டேங்கில் போகவேண்டியது 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். நம் 45 கிலோ மூட்டையில் வருவது வேப்பெண்ணெய் பூசிய உர யூரியா, 2015-லிருந்தே எல்லா மூட்டையும் அப்படித்தான் வருகிறது. பயிருக்கு நல்லது. ஆனால் வண்டியில் யூரியா தெளிப்பானையும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டையும் அடைத்துக் கொன்றுவிடும்.

தஞ்சை ஓய்வு

வாழைவண்டித் தம்பிக்கு, எழுத்து வேலை பற்றி ஒரு வார்த்தை. நான் நுகர்வோர் வழக்குகள் பக்கம் சில காலம் இருந்தவன்.

ஷோரூமில் வாயால் பேசியது எதுவும் நிற்காது. மூன்று ஜாப் கார்டின் நகலும், ஸ்கேனர் அறிக்கையின் பிரிண்டும் கேட்டு வாங்குங்கள். ஆயில் கம்பியைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். "இந்தத் தேதியில் ஆயில் அளவு கூடியிருக்கிறது, காற்று ஹோஸைச் சோதிக்கக் கோருகிறேன்" என்று ஈமெயிலில் எழுதி, ஷோரூமுக்கும் கம்பெனிக்கும் சேர்த்து அனுப்புங்கள். லோடு வண்டி வணிக நோக்கம், நுகர்வோர் சட்டம் செல்லாது என்று உங்களை மிரட்டக்கூடும். 2019 சட்டத்தில், தன் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்பவர் வாங்கும் பொருளுக்கு விலக்கு இருக்கிறது. நீங்களே ஓட்டுகிறீர்கள், டிரைவர் இல்லை, அதைக் கடிதத்தில் கட்டாயம் குறிப்பிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வண்டி விலை அதற்கு மேல் என்பதால் உங்களுக்குச் சிறு கட்டணம் வரும். பிரச்சினை தொடங்கி இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

"ஓட்டும் விதம்" என்று சொல்வதை மட்டும் அப்படியே ஏற்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் டொயோட்டாவின் 2.8 லிட்டர் புது டீசல் எஞ்சினில், ஹைலக்ஸ் பிக்கப் உட்பட, இதே டிபிஎஃப் தகராறு வந்தது. 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற வண்டிகள். 2022-இல் அங்குள்ள ஃபெடரல் கோர்ட் குறை வடிவமைப்பில் இருக்கிறது என்றே தீர்ப்புச் சொன்னது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அது நேர்ந்திருக்கிறது. உங்கள் வண்டியும் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

மன்னை டீசல்செட்

ஐயா சொன்னது ரொம்பச் சரி. இன்னொன்று விட்டுப்போனது. ரீஜென் நடக்கும்போது வண்டியை வைக்கோல் மேல் நிறுத்தாதீர்கள். நம் பக்கம் ரோட்டிலேயே கதிரைப் பரப்பி வைக்கிறார்கள், களத்துமேட்டில் எங்கு பார்த்தாலும் சருகு. அந்தச் சூட்டில் அடியில் சிக்கிய வைக்கோல் பற்றிக்கொள்ளும். கருகல் வாசனை வந்தால் வெறும் தரையில் நிறுத்துங்கள், கீழே குனிந்து பார்த்துச் சிக்கியதை இழுத்துப் போடுங்கள். வைக்கோல் கட்டு ஏற்றுகிறவர்கள் இரண்டு மடங்கு கவனமாக இருங்கள்.

கபிஸ்தலம் வாழைவண்டி

அண்ணே, ஐயா, எல்லோருக்கும் நன்றி. ஆறு நாள் கழித்து எழுதுகிறேன்.

லோடு ஏற்றவில்லை, மச்சான் வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டினேன். ஐயா சொன்னபடி ஈமெயில் அனுப்பினேன். மறுநாளே போன் வந்தது, வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். நானும் கூடவே நின்றேன். இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் கிளாம்ப் இடம் மாறி இருந்தது, ஹோஸ் கீழே ஒரு இரும்புப் பட்டையில் உரசி, ஒரு அங்குலத்துக்குப் பிளந்திருந்தது. சுற்றிலும் கறுப்பாகப் புழுதி அப்பி இருந்தது, அண்ணன் சொன்னது அப்படியே. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

ஹோஸ், கிளாம்ப், ஆயில், ஃபில்டர் எல்லாம் வாரண்டியில் மாற்றினார்கள். டிபிஎஃப்-ஐ மாற்றவில்லை, ரீஜென் செய்து அழுத்தம் பார்த்தார்கள், சரியான அளவுக்குள் வந்துவிட்டது. பிறகு லோடு ஏற்றி வல்லம் தாண்டி செங்கிப்பட்டி வரை நான்கு வழிச்சாலையில் போய்த் திரும்பினேன். கரை ஏறும்போது இப்போது சத்தமே இல்லை. மூன்றாம் கியரில் ஏறுகிறது.

ஒரே ஒரு கேள்வி. டிராக்டருக்கு வாங்கிய சிஐ-4 தர எஞ்சின் ஆயில் வீட்டில் ஒரு கேன் இருக்கிறது, அவசரத்துக்கு அதை ஊற்றலாமா?

மன்னை டீசல்செட்

மனசு நிறைந்தது தம்பி. அந்த ஆயில் வேண்டாம், அது டிராக்டருக்கே இருக்கட்டும். அதில் சாம்பல் அதிகம். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது, டிபிஎஃப்-இல் அப்படியே தங்கிவிடும். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் சாம்பல் குறைந்த ஆயில் மட்டும் ஊற்றுங்கள்.

ரீஜென் நடப்பது தெரிந்தால் மார்க்கெட் வாசலில் அணைக்காமல், இன்னும் பதினைந்து இருபது நிமிடம் நல்ல ரோட்டில் ஓட்டி முடிய விடுங்கள். கொள்முதல் நிலைய வரிசையில் மணிக்கணக்கில் எஞ்சினை ஓட விட்டு நிற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆயில் கம்பியைப் பாருங்கள். ஆயிரம் கி.மீ. ஓடியதும் அளவையும் ரீஜென் இடைவெளியையும் இங்கே எழுதுங்கள்.

கபிஸ்தலம் வாழைவண்டி

எழுதுகிறேன் அண்ணே. இன்று காலை பார்த்தேன், ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது. கடைசி ரீஜெனிலிருந்து 310 கி.மீ. ஆகிவிட்டது, விளக்கு இன்னும் வரவில்லை.