கேம்பர் இழுக்க ஆல்டர்னேட்டரையே மாற்றணுமா, ஒயரிங் மாற்றினால் போதுமா?

நெடுவழி: டீசல் வண்டி, 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (என்ஜின் சுற்றி மின்சாரம் தருவது). பின்னால் இழுக்கும் கேம்பரில் (தங்கும் ட்ரெய்லர்) 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி, கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ். வண்டி பேட்டரியிலிருந்து கேம்பர் பேட்டரி வரை 7 மீட்டருக்கு 4 சதுர மி.மீ. ஒயர், எர்த்தும் அதே சைஸ், நடுவில் சாதா 7 பின் பிளக். என்ஜின் ஓடும்போது முன்னால் 14.2 வோல்ட், கேம்பரில் 12.9 தான். பேட்டரி நிறையவே மாட்டேங்குது, பிளக் சுடுது. 150 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்டால் சரியாகுமா?

செம்புக்கம்பி: ஆகாதுங்க. 4 சதுர மி.மீ. செம்பு மீட்டருக்கு சுமார் 4.6 மில்லி ஓம். போக வர 14 மீட்டர், 20 ஆம்பியர் ஓடினாலே 1.3 வோல்ட் வழியிலேயே போயிடும். நீங்க அளந்ததும் அதேதான். இதில் பெரிய ஆல்டர்னேட்டர் மாட்டினால் பிளக் இன்னும் சுடும், அவ்வளவுதான்.

முதலில் 16 சதுர மி.மீ. கேபிள் இழுங்க, பாசிட்டிவ், எர்த் இரண்டுமே. எர்த்துக்கு டோ ஹிட்ச்சை (ட்ரெய்லரை மாட்டும் கொக்கி) நம்பாதீங்க. சாதா பிளக்குக்குப் பதில் 50 ஆம்பியர் ஆண்டர்சன் (அதிக கரண்டுக்கான பிளக்). லக்கை (கேபிள் முனையில் மாட்டும் செம்பு வளையம்) ஹைட்ராலிக் கிரிம்ப்பரில் அழுத்தணும். வெறும் ஈயம் வைத்து ஒட்டினால் சூட்டில் இளகும், அதிர்வில் முறியும். கேம்பர் பேட்டரி பக்கத்திலேயே 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (வண்டி வோல்டேஜை ஏற்றி, கரண்டை அளவோடு கொடுப்பது). முன்னாலிருந்து அது 27 ஆம்பியர் வரை இழுக்கும். காலி பேட்டரி நிறைய 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஃப்ரிட்ஜ் ஓடினால் இன்னும் கூடும்.

லித்தியத்தை நேரடியாக இணைக்காதீங்க. தடித்த கேபிள் வந்ததும் அது கிடைத்த கரண்டையெல்லாம் இழுக்கும். ஐடிலில் (வண்டி நிற்க என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) அதன் ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டர் வெந்துவிடும்.

முறுக்குவிசை: மேலே சொன்னது சரி. மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை: என்ஜின் சூடானதும் ஐடிலில் ஹெட்லைட், ஏசி புளோயர், சார்ஜர் எல்லாம் போட்டு வண்டி பேட்டரியை அளங்க. 13.5-க்கு மேல் நின்றால் 90 ஆம்பியரே தாராளம். 13-க்குக் கீழே இறங்கினால்தான் பெரியது யோசிக்கணும். (ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் என்றால் இந்தக் கணக்கு செல்லாது, அது வேணும்னே வோல்டேஜை இறக்கும். அதற்கு இக்னிஷன் ட்ரிகர் (சாவி போட்டதும் ஆன் செய்யும் ஒயர்) உள்ள சார்ஜர்தான் வேணும், வோல்டேஜ் பார்த்து மூடும் ரிலே சரிப்படாது.)

பெரியது வாங்கும்போது பெட்டியில் போட்ட 150-ஐப் பார்க்காதீங்க, ஐடில் வேகத்தில் எவ்வளவு தருது என்று கேளுங்க. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு வரும் கம்பெனி கேபிளும் ஃப்யூசபிள் லிங்க்கும் (அதிக கரண்டில் உருகி அறும் துண்டு) 90-க்குப் போட்டவை. 35 சதுர மி.மீ., 175 ஆம்பியர் ஃப்யூஸ் என்று மாற்றணும். என்ஜின் பிளாக்கிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குப் போகும் எர்த் ஸ்ட்ராப்பும் அதே தடிமன். இதைத்தான் பெரும்பாலும் மறந்துடறாங்க. ஒற்றை வி-பெல்ட் என்றால் லோடு ஏறியதும் வழுக்கிக் கத்தும்.

நெடுவழி: ஃப்யூஸ் முன்னால் ஒன்று போதாதா?

செம்புக்கம்பி: போதாது. கேபிளின் இரு முனையிலும் பேட்டரி இருக்கு. சார்ஜருக்கும் பின் பேட்டரிக்கும் நடுவில் உள்ள துண்டு உராய்ந்து பாடியில் ஷார்ட் ஆனால் பின் பேட்டரி அதில் கொட்டும், முன் ஃப்யூஸ் அதைத் தடுக்காது. இரு பக்கமும் 50 ஆம்பியர் ஃப்யூஸ், பேட்டரி டெர்மினலிலிருந்து 20 செ.மீ.-க்குள். கேபிளை சைலன்சரிலிருந்து தள்ளி, நெளிகுழாய்க்குள் கொண்டுபோங்க. தகட்டில் நுழையும் இடத்தில் ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்பு கேபிளை அறுக்காமல் காக்கும் வளையம்). வேலைக்கு முன் நெகட்டிவைக் கழற்றுங்க, ஆனால் என்ஜின் ஓடும்போது ஒருபோதும் கழற்றாதீங்க: வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டர் டயோடு, ஈசியு (என்ஜின் கம்ப்யூட்டர்) இரண்டும் போகலாம்.