புதுப்பிப்பு: சிக்னல் 11 வாங்கிச் சாகும் சர்வர் ப்ராசஸ், கோர் டம்ப் வரவில்லை – தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. எங்கள் சி நிரல் இரவில் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொடும் பிழை, அதுதான் சிக்னல் 11) அடித்து விழுகிறது, ஷெல்லில் கோர் அளவு வரம்பை வைக்கும் யூலிமிட்டை அன்லிமிடெட் ஆக்கியும் கோர் ஃபைல் (விழும் நேரத்து நினைவகத்தின் பதிவு, அதாவது கோர் டம்ப்) இல்லை என்று கேட்டிருந்தேன்.

ஷெல்லில் வைக்கும் யூலிமிட் சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் நிரல்) சர்வீஸுக்குப் போகாது என்று ஒருவர் சொன்னது சரிதான். யூனிட் ஃபைலில் (சர்வீஸின் அமைப்புக் கோப்பு) கோர் அளவு வரம்பான லிமிட்கோர் மதிப்பை இன்ஃபினிட்டி ஆக்கி, டீமன் ரீலோடு செய்து, ரீஸ்டார்ட் கொடுத்தேன். ப்ராசஸ் விவரங்கள் இருக்கும் ப்ராக் கோப்புறையின் அடியில் அந்த ப்ராசஸின் லிமிட்ஸ் ஃபைலும் அன்லிமிடெட் என்றே காட்டியது. ஆனால் கில் கட்டளை மூலம் செக்வி (அதே சிக்னல் 11) அனுப்பிப் பார்த்தால், அப்போதும் கோர் ஃபைல் வரவில்லை!

கடைசியில் கை கொடுத்தது இன்னொருவர் சொன்ன சூயிட் டம்பபிள் என்ற கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அமைப்பு. ரூட்டாகத் தொடங்கி வேறு யூசருக்கு மாறும் ப்ராசஸைக் கெர்னல் இயல்பாக டம்ப் செய்யாது. அதை 2 ஆக்கினேன். அப்படி வைத்தால் கோர் பேட்டர்னில் (கோர் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் அமைப்பு) முழுப் பாதை அல்லது பைப் (வேறு நிரலுக்கு அனுப்புவது) கட்டாயம். வெறும் பெயர் இருந்தால் கெர்னல் மறுத்துவிடும்.

கோர் ஃபைல் கிடைத்தது. அப்புறம் அதை ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் திறந்து பேக்ட்ரேஸ் (விழுந்த இடம்வரை வந்த ஃபங்ஷன் அழைப்புகளின் பட்டியல்) பார்த்தேன். எதிர்பாராத இடம்: லாக் எழுதும் வரி. ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபி முகவரிக்குரிய பெயரைத் தரும் பதிவு) இல்லாத ஐபியிலிருந்து யாராவது இணைந்தால் பெயர் தேடல் நல் (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) திருப்புகிறது, நிரல் அதைச் சோதிக்காமலே படிக்கிறது. அதைச் சோதிக்க ஒரு இஃப் சேர்த்ததும் நிரல் விழுவது நின்றுவிட்டது.

கோர் ஃபைலில் நினைவகத்தில் இருந்த கடவுச்சொற்களும் இருக்கலாம். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள், சூயிட் டம்பபிளையும் 0 ஆக்கிவிடுங்கள்.