ஆச்சி வீடு: குடும்பக் குழு

அம்பை சித்தி: அத்தான், ஒரு சந்தேகம். நிச்சயத்துக்குப் பட்டாசாலைக் கூடம் இருட்டடித்துக் கிடக்கிறது என்று கணேசன் பெங்களூரிலிருந்து சீலிங்கில் பதிக்கிற 16 டவுன்லைட் அனுப்பியிருக்கிறான். பந்தல்காரரோடு வருகிற பையன் நாளைக்கே மாட்டித் தருகிறேன் என்கிறான். மாட்டலாமா?

வள்ளியூர் மாமா: தாராளமாக.

பாளை பெரியப்பா: எங்கே மாட்டப் போகிறீர்கள்? பழைய மர மச்சிலா, போன வருடம் அடித்த ஜிப்சம் சீலிங்கிலா?

அம்பை சித்தப்பா: இரண்டிலும்தான். முன்பாதி மச்சு, பின்பாதி ஜிப்சம்.

தென்காசி அத்தை: மச்சில் ஓட்டையா? அப்பா பார்த்துப் பார்த்து இழைத்த தேக்கு அது.

தென்காசி அத்தை: ஊஞ்சலை இறக்கியபோதும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்பை சித்தப்பா: ஊஞ்சல் பேச்சு இப்போது எதற்கு அக்கா?

தென்காசி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா: அத்தை, என்ன எழுதினீர்கள்?

தென்காசி அத்தை: ஒன்றுமில்லை. புடவை எடுத்தாகிவிட்டதா?

பாளை பெரியப்பா: எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். பேட்டை ஐ.டி.ஐ.யில் பையன்களுக்கு வயரிங் சொல்லிக்கொடுத்தவன் சொல்கிறேன், முழுவதும் படியுங்கள். மச்சில் ஒரு விளக்குகூட வேண்டாம். எல்.இ.டி. சூடாகாது என்று கடையில் சொல்வார்கள். பழைய ஹாலோஜன் அளவுக்குச் சூடு இல்லை என்பது உண்மை. ஆனால் விளக்கின் பின்பக்கமும் அதற்கேற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் பெட்டியும் சூடாகத்தான் செய்யும். அந்தச் சூடு வெளியேற மேலே காற்று வேண்டும். மச்சுக்குள் என்ன இருக்கிறது? தூசி, தென்னை நார், மரநாய் கொண்டுவந்து போட்ட குப்பை, அப்பா காலத்து ரப்பர் வயர். அந்த வயரை விரலால் வளைத்தாலே உறை உதிர்கிறது. நானே பார்த்திருக்கிறேன்.

மீனா: ராத்திரி மச்சில் ஓடுவது மரநாயா?!

அம்பை சித்தி: எலிதான். நீ தூங்கு.

தென்காசி அத்தை: மரநாய்தான். நாங்கள் சின்னப்பிள்ளையாக இருந்தபோதே இருக்கிறது.

கணேசன்: பெரியப்பா, 16 விளக்குக்கு இன்வெர்ட்டர் தாங்குமா?

பாளை பெரியப்பா: ஒன்று 12 வாட் என்றால் 16-க்கும் சேர்த்து 192 வாட். 230 வோல்ட்டில் ஒரு ஆம்பியர்கூட வராது. லோடு எனக்குக் கவலையே இல்லை. கவலை எல்லாம் சீலிங்குக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் இணைப்புதான். கம்பியை முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போவார்கள். சித்திரை வெயிலில் பசை இளகி டேப் பிரியும். முறுக்கு தளர்ந்தால் அந்த இடம் சூடாகும். கரண்ட் குறைவாக ஓடுவதால், லோடு மிஞ்சினால் தானே அணையும் எம்.சி.பி. சுவிட்சும் விழாது. ஆகவே ஒவ்வொரு இணைப்பும் கனெக்டரில், மூடியுள்ள பெட்டிக்குள் இருக்க வேண்டும். வயர் பைப்புக்குள் ஓட வேண்டும், எலி இருக்கிற வீடு.

வள்ளியூர் மாமா: சொதி உண்டா, சாம்பாரா?

அம்பை சித்தி: சொதிதான்.

வள்ளியூர் மாமா: அப்படியானால் சனிக்கிழமையே வந்துவிடுகிறேன் அக்கா.

பாளை பெரியப்பா: முக்கியமானது இன்னும் இருக்கிறது. மெயினை இறக்கிவிட்டு அந்தப் பையன் ஏணியில் ஏறுவான். பட்டாசாலை லைட் லைன் இன்வெர்ட்டரில் இருக்கிறது. மெயின் போன மறுநொடி இன்வெர்ட்டர் அதே 230 வோல்ட்டைக் கொடுக்கும். இரண்டையும் அணைக்க வேண்டும். சுவிட்சை மட்டும் நம்பவே கூடாது. பழைய வயரிங்கில் சில இடத்தில் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கும், அணைத்தாலும் மேலே பேஸ் கம்பியில் கரண்ட் நிற்கும். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கம்பியில் வைக்க வேண்டும்.

அம்பை சித்தப்பா: பையனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேனே அண்ணன்.

பாளை பெரியப்பா: பந்தல் சீரியல் விளக்குக்குக் கழித்துக்கொள். இதற்கு உரிமம் உள்ள வயர்மேன் வரட்டும். கரண்ட் கசிந்தால் உடனே லைனை அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைக்கச் சொல்லி எத்தனை வருடமாகக் கேட்கிறேன்? ஆளுக்கு ஷாக் அடித்தால் எம்.சி.பி. காப்பாற்றாது, அதுதான் காப்பாற்றும். நிச்சயத்தன்று வீடு நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள்.

அம்பை சித்தப்பா: சரி.

தென்காசி அத்தை: அண்ணன் சொன்னால் சரி. நான் சொன்னால் ஊஞ்சல்.

கணேசன்: ஜிப்சத்தில் எத்தனை போடலாம்?

பாளை பெரியப்பா: 6 போதும். ஒரு காந்தத்தை சீலிங்கில் நகர்த்திப் பாருங்கள், ஸ்க்ரூ இருக்கிற இடத்தில் டக்கென்று ஒட்டும். அதற்கு மேலேதான் சீலிங்கைத் தாங்கும் இரும்புச் சேனல் ஓடுகிறது, அந்தக் கோட்டை விட்டுத் தள்ளி வெட்ட வேண்டும். விளக்கின் விளிம்பை அளந்து வட்டம் போட்டால் ஓட்டை பெரிதாகி விளக்கு கையோடு வந்துவிடும். பெட்டியில் கட்-அவுட் என்று அச்சடித்த அளவுதான் கணக்கு. மேலே வெயிலுக்காகத் தெர்மாகோல் பரப்பினீர்களே, அது விளக்கின் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. சூட்டில் இளகும், தீயும் பிடிக்கும்.

மீனா: பெட்டியில் 6500 என்று போட்டிருக்கிறது. அது என்ன?

பாளை பெரியப்பா: நல்ல வெள்ளை வெளிச்சம் அம்மா. மஞ்சள் வெளிச்சம் வேண்டுமென்றால் 3000.

மீனா: அரக்குப் பட்டுக்கு மஞ்சள்தான் நன்றாக இருக்கும். அண்ணா, மாற்ற முடியுமா?

கணேசன்: பெட்டியைப் பிரித்துவிட்டீர்களா?

அம்பை சித்தி: நான்கைப் பிரித்துவிட்டேன்.

கணேசன்: கேட்டுப் பார்க்கிறேன்.

பாளை பெரியப்பா: வியாழக்கிழமை காலை செங்கோட்டை ரயிலில் நானே வருகிறேன். அதுவரை யாரும் ஏணி போட வேண்டாம்.

அம்பை சித்தப்பா: வயர்மேன் வியாழக்கிழமை வருவாரா தெரியவில்லை, முகூர்த்த நாள். கேட்டுச் சொல்கிறேன்.

தென்காசி அத்தை: முன்பாதிக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

அம்பை சித்தப்பா: சுவரில் இரண்டு டியூப்லைட் போடலாமா?

மீனா: டியூப்லைட் வேண்டாம் அப்பா.

தென்காசி அத்தை: ஊஞ்சல் கொக்கி இன்னும் உத்தரத்தில்தானே இருக்கிறது? அதில் ஒரு தொங்குவிளக்கு மாட்டலாம். மரத்தைத் தொட வேண்டியதில்லை.

பாளை பெரியப்பா: வயரைப் புதிதாக இழுத்தால் மாட்டலாம். நல்ல யோசனை. வந்து பார்க்கிறேன்.

வள்ளியூர் மாமா: அக்கா, தேங்காய் எத்தனை வேண்டும்? எங்கள் தோப்பில் பறிக்கச் சொல்லவா?